நடுவில் இருக்கும் வேலை

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் திட்டப் பிரிவில் மூன்றாண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மேலாண்மை படித்த காலத்தில், உலகம் முழுவதும் ஒரே சந்தை, எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்கு, எங்கே நல்ல விலை கிடைக்கிறதோ அங்கே விற்றுவிடு என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். இன்றைய நிலைமை வேறாக இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான வணிகத் தகராறுகளில் இறுதி முடிவு சொல்ல வேண்டிய உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பர் முதல் செயல்படவில்லை. பெரிய நாடுகள் மாறி மாறி இறக்குமதி வரியை உயர்த்துகின்றன. சொந்தத் தொழில்களுக்கு மானியத்தை வாரி வழங்குகின்றன. உங்களிடம் மூன்று கேள்விகள். உலகமயமாதல் முடிந்துவிட்டதா? உள்நாட்டுத் தொழிலை அரசு வரி போட்டுக் காக்க வேண்டுமா, சந்தையிடம் விட்டுவிட வேண்டுமா? அடுத்த மாதம் என்ன நடக்கும் என்றே தெரியாதபோது ஐந்தாண்டுத் திட்டம் தீட்டுவதில் பொருள் உண்டா?

எங்கள் நிறுவனத்தில் உதிரிபாகத் தயாரிப்பை முழுவதுமாக வெளியே கொடுத்துவிட்டு, வடிவமைப்பையும் விற்பனையையும் மட்டும் வைத்துக்கொள்வதற்கான முன்மொழிவை இப்போது நான்தான் தயாரித்துவருகிறேன். மதிப்புக் குறைந்த வேலைகள் போனால் போகட்டும் என்பதே என் கருத்து. உங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

ந.

அன்புள்ள ந.,

உங்கள் மூன்று கேள்விகளும் நியாயமானவை. ஆனால் கடிதத்தின் முடிவில், போகிற போக்கில் எழுதியிருக்கும் ‘மதிப்புக் குறைந்த வேலைகள் போனால் போகட்டும்’ என்ற வரிதான் என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது. கொஞ்ச காலமாகவே இந்த வரியோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் கேள்வியை விரைவாக முடித்துவிடலாம். உலகமயமாதல் முடிந்துவிடவில்லை. உலக உற்பத்தியோடு ஒப்பிட்டால், நாடுகளுக்கிடையிலான வணிகம் 2008 வரை ஏறிய வேகத்தில் அதன்பின் ஏறவில்லை, அவ்வளவுதான். உண்மையான சரிவைப் பார்க்க 1930-களுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்கா 1930-ல் ஸ்மூட்–ஹாலி சட்டத்தின் மூலம் சுங்கவரியை உயர்த்த, மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்த, பெருமந்தமும் சேர்ந்துகொள்ள, 1929-க்கும் 1933-க்கும் இடையில் உலக வணிகத்தின் பணமதிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. இன்று சரக்கு நிற்கவில்லை. வழி மாறிப் போகிறது. செய்தித் தலைப்புகளை வைத்துக்கொண்டு கவலைப்படுவதை நிறுத்துங்கள்.

உங்கள் வரிக்கு வருகிறேன். உங்கள் வயதில் நான் ஒரு பம்பு தயாரிக்கும் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். பம்புக்குள் இருக்கும் ரப்பர் சீல் வளையங்களை எங்களுக்குச் செய்துகொடுத்தவர் ஒரு முதியவர். இரண்டு அழுத்து இயந்திரங்கள், நான்கு ஆட்கள், அவ்வளவுதான் அவருடைய தொழிற்கூடம். அச்சிலிருந்து எடுத்த வளையத்தைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வளைத்துப் பிடித்து, வளைவில் வெளுப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்; பிறகு மூக்கருகே கொண்டுபோய், “இன்னும் வேகவில்லை” என்று சொல்லி ஒரு தட்டு முழுவதையும் ஒதுக்கிவைப்பார். தொலைவிலுள்ள ஒரு நாட்டிலிருந்து ஒன்பது சதவீதம் குறைந்த விலையில் அதே வளையம் கிடைக்கும் என்று ஒப்பீட்டு அட்டவணை போட்டவன் நான். செய்தியைச் சொல்லப் போனபோது அவர் வாதாடவில்லை. எங்கள் வரைபடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, தானே வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்.

பதினான்கு மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு கண்டெய்னர் துறைமுகத்தில் சிக்கியது. அதற்கடுத்து வந்ததில் பாதி வளையங்கள் இறுகிப்போயிருந்தன. நான் அவரிடம் ஓடினேன். இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். ரப்பர் கலவை பிசைந்தவர் வண்டி ஓட்டப் போய்விட்டார். அலமாரியிலிருந்து கலவைக் குறிப்பேட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். எல்லாப் பொருளுக்கும் நேராக எடை எழுதியிருந்தது, கந்தகத்துக்கு நேராக மட்டும் ‘பார்த்துப் போடவும்’ என்று இருந்தது. அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வேறு யாராலும் அந்த வளையத்தைச் செய்ய முடியவில்லை. பத்தொன்பது நாட்கள் எங்கள் பம்பு வரிசை நின்றது.

இதை முதுமையின் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அட்டவணையிலும் என்னுடையதைப் போலவே விலைக்கு ஒரு பத்தி இருக்கும், தரத்துக்கு ஒன்று, கெடுவுக்கு ஒன்று இருக்கும். ‘பார்த்துப் போடவும்’ என்பதற்குப் பத்தியே இருக்காது.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில், கார் நிறுவனமான டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பிடித்தது. டொயோட்டா வண்டிகளின் பிரேக் அழுத்தத்தைச் சீர்செய்யும், கைக்குள் அடங்கிவிடும் ஒரு வால்வு அங்கேதான் செய்யப்பட்டது. ஏறத்தாழ முழுத் தேவைக்கும் அந்த ஒரே ஆலையை நம்பியிருந்த டொயோட்டா, கையிருப்பென்று சில மணி நேரத்துக்குரியதையே வைத்திருந்தது. வண்டித் தயாரிப்பு நின்றது. மீள வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட ஆகும் என்று பலர் நினைத்தார்கள். சில நாட்களிலேயே ஆலைகள் மறுபடி ஓடத் தொடங்கின. காரணம், சுற்றுவட்டாரத்திலிருந்த ஏராளமான நிறுவனங்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, தங்கள் இயந்திரங்களை மாற்றியமைத்து, அந்த வால்வைக் கடைந்து கொடுத்தன. அவற்றில் ஒன்று, அதுவரை கார் உதிரிபாகமே செய்திராத, தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன பிரதர். பணம் கொடுத்து ஒரே வாரத்தில் இதை உருவாக்கிவிட முடியாது. உலோகத்தைக் கடையத் தெரிந்த, வரைபடத்தைப் பார்த்தவுடன் எந்த முனையில் பிடிக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் பக்கத்திலேயே இருந்தன. நீங்கள் போனால் போகட்டும் என்கிறீர்களே, அந்தக் கைகள்தான் அவை.

உங்கள் வகுப்பறையில் ‘புன்னகை வளைவு’ என்ற படத்தைக் காட்டியிருப்பார்கள். தைவானின் கணினி நிறுவனமான ஏசரின் நிறுவனர் ஸ்டான் ஷி 1990-களின் தொடக்கத்தில் முன்வைத்தது. ஒரு முனையில் ஆராய்ச்சியும் வடிவமைப்பும், மறுமுனையில் வணிகப் பெயரும் விற்பனையும். மதிப்பில் இரண்டும் உயர்ந்திருக்க, நடுவிலுள்ள தயாரிப்பு மட்டும் தாழ்ந்து கிடக்கும். உங்கள் முன்மொழிவு அந்தப் படத்தின் நகல்தான். ஆனால் அதே தைவானில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1987-ல், மோரிஸ் சாங் தொடங்கிய டிஎஸ்எம்சி, தன் பெயரில் எந்த மின்னணுச் சில்லையும் (சிப்) விற்பதில்லை, பிறர் வடிவமைத்ததைச் செய்துகொடுப்பது மட்டுமே தன் தொழில் என்று முடிவெடுத்து, அந்தத் தாழ்ந்த நடுப்பகுதியிலேயே ஊன்றி நின்றது. இன்று உலகின் மிக நுண்மையான சில்லுகளில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது. தாங்களே வடிவமைத்துத் தாங்களே தயாரித்த பழம்பெரும் நிறுவனங்கள் அந்த நுண்மையை எட்டத் திணறுகின்றன. தயாரிப்பை மீட்டுக்கொண்டுவர அமெரிக்கா 2022-ல் தனிச் சட்டமே இயற்றி, 5,000 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. நடுவிலிருக்கும் வேலை தாழ்ந்தது என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? செய்து செய்து, தவறு கண்டு, திருத்தித் திருத்தி வரும் அறிவு அந்த இடத்தில்தான் சேர்கிறது. அதை வெளியே கொடுத்துவிட்டு வடிவமைப்பை மட்டும் வைத்துக்கொள்கிறவரிடம், பத்தாண்டுகள் கழித்து எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று தெரிந்த ஒரு வடிவமைப்பாளர்கூட மிஞ்சமாட்டார்.

இந்த இடத்தில் பொருளியலாளர் ரிக்கார்டோவை என்மேல் எறிவீர்கள் என்று தெரியும். 1817-ல் அவர் சொன்ன ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாட்டை நானும் ஏற்கிறேன். அவர் தந்த கணக்கில், குறிப்பிட்ட அளவு துணியை ஓராண்டில் நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேரும் போர்ச்சுக்கலுக்கு 90 பேரும் வேண்டும். திராட்சை மதுவுக்கு முறையே 120 பேரும் 80 பேரும். இரண்டிலும் போர்ச்சுக்கலே தேர்ந்தது என்றாலும் அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் செய்து மாற்றிக்கொண்டால் இரு நாடுகளுக்கும் லாபம். அழகான கணக்கு; பாடமும் இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் அதே அத்தியாயத்தில், முதலுடையோர் தம் நாட்டை விட்டுப் போகத் தயங்குவார்கள், குறைந்த லாபத்தோடு நிறைவடைந்து உள்ளூரிலேயே முதலிடுவார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். அந்த உணர்வு தளர்ந்தால் தாம் வருந்துவதாகவும் எழுதுகிறார். மூலதனம் ஒரே நொடியில் நாடு தாண்டும் காலத்தில் அவருடைய முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த எடுகோளை மறைத்துவிடுகிறோம். இன்னொன்று, துணி நெய்பவர் நாளை தறியைத் திருத்துவார், தறியைத் திருத்தியவர் மறுநாள் இயந்திரம் செய்வார். எந்த வேலை எந்த அடுத்த வேலையைக் கற்றுத்தரும் என்பதற்கு அந்த 100-லும் 80-லும் இடமே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையும் இதற்குள் இருக்கிறது. தென்கொரியா 1968-ல் போஸ்கோ எஃகு நிறுவனத்தைத் தொடங்கியபோது, நல்ல இரும்புத்தாது, கல்கரி, அனுபவம் எதுவும் அதனிடம் போதிய அளவு இல்லை. உலக வங்கி அந்தத் திட்டத்தை ஆதரிக்கவில்லை. ஆலை 1973-ல் ஓடத் தொடங்கியது. இன்று உலகின் பெரிய எஃகு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் கொரிய அரசு வெறும் பாதுகாப்பை மட்டும் தரவில்லை. மலிவான கடன் வாங்கிய தொழிலதிபரிடம் எவ்வளவு ஏற்றுமதி செய்தாய் என்று கணக்குக் கேட்டது. அப்படிக் கேட்காமல் வரிச்சுவரை மட்டும் எழுப்பிய நாடுகளில் தொழில் வளரவில்லை, சோம்பல்தான் வளர்ந்தது. கண்மூடித்தனமான வரி எங்கே போய் இடிக்கும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கா 2018-ல் சலவை இயந்திரங்களுக்கு வரி போட்டபோது, வரியே இல்லாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது, ஏனென்றால் இரண்டையும் சேர்த்தே வாங்குகிறார்கள். வரியா சந்தையா என்று கேட்பதை விட்டுவிட்டு, காக்கப்படும் காலத்தில் அந்தத் தொழில் எதைக் கற்றது என்று கேளுங்கள்.

ஐந்தாண்டுத் திட்டம் தீட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2011-ல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா தன் சப்ளையர்களையும் அவர்களுக்கும் சப்ளை செய்பவர்களையும் ஊசிமுனை வரை வரைந்து வைத்து, சில்லுகளைப் பல மாதத் தேவைக்குக் கையிருப்பாக வைக்கச் சொன்னது. அதனால்தான் 2021-ன் தொடக்கத்தில் மற்றவர்கள் சில்லு கிடைக்காமல் ஆலைகளை நிறுத்தியபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நல்ல பிள்ளை; கேள்வி கேட்கிறீர்கள், அதிலேயே எனக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்த முன்மொழிவை இந்த வாரம் மேலிடத்துக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் வெளியே கொடுக்க நினைக்கும் உதிரிபாகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ஆலையில் அதைச் செய்துகொண்டிருப்பவர் யார் என்று விசாரியுங்கள். ஒரு நாள் முழுவதும் அவர் பக்கத்தில் நில்லுங்கள். வரைபடத்தில் இல்லாத எதை அவர் செய்கிறார், எதைத் தட்டிப் பார்க்கிறார், எதை ஒதுக்கிவைக்கிறார், ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் அவருடைய பெயரும் இருக்கட்டும்.