விரல் எங்கே பதறுகிறது?

அன்புள்ள அண்ணா,

ஒன்றரை வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) பயிற்சியைத் தினமும் ஒரு மணி நேரம் செய்தும், தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 100 அடியைத் தொட்டால் விரல்கள் தடுமாறுகின்றன, கம்பிகள் இரைகின்றன. பொங்கல் கலைநிகழ்ச்சியில் நண்பர்களோடு வாசிக்கவேண்டும். வேகத்தை எப்படிக் கூட்டுவது?

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

100-இல் தடுமாறும் விரல் 60-லேயே தடுமாறியிருக்கும். மெதுவாக வாசிக்கையில் சமாளிக்க நேரம் கிடைக்கிறது, அதனால் தெரிவதில்லை. அந்த இடம் பெரும்பாலும் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும் இடம்தான்.

டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற கார்ட் வரிசையைப் பாருங்கள். ஏ கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டில்) ஆள்காட்டி விரலை வைத்து டி, எஃப், ஏ, சி என்ற சுரங்களில் ஏறினால், சி வந்து நிற்பது ஜி கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில். அங்கிருந்து ஜி 7-இன் மூலச் சுரம் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) இருக்கும் ஈ கம்பியின் 3ஆம் ஃபிரெட்டுக்குத் தாவும்போதுதான் கை பதறும். கொஞ்ச நாள் தாவாதீர்கள். அதே ஜி கம்பியில் ஒரு ஃபிரெட் கீழே பி இருக்கிறது, ஜி 7-இன் மூன்றாம் சுரம். அதில் தொடங்கி பி, ஜி, எஃப், டி என்று இறங்குங்கள். அந்த டி-யை ஏ கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் முடித்தால், இரண்டு ஃபிரெட் கீழே சி காத்திருக்கும். மேடையில் மூலச் சுரம்தான் முக்கியம், உண்மை. ஆனால் மற்ற சுரங்கள் பக்கத்தில் எங்கே என்று கைக்குத் தெரிந்துவிட்டால் அந்தத் தாவலிலும் பதற்றம் குறையும்.

இரைச்சலை அலட்சியப்படுத்தாதீர்கள். ஈ கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் குழம்பிவிடும், அதனால்தான் பேஸில் கார்டைப் பெரும்பாலும் பிரித்து வாசிக்கிறோம். வலது கட்டைவிரல் வாசிக்காத தடித்த கம்பிகளின்மேல் சாய்ந்திருக்கட்டும். இடது விரல் அழுத்தத்தை மட்டும் விடட்டும், கம்பியை விட்டு எழவேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவில் ஆம்பைச் சத்தமாக வைக்க முடியாதே, ஹெட்ஃபோனில் கேளுங்கள். சின்ன இரைச்சலும் அதில் தப்பாது.

வேகத்துக்கு, சரளி வரிசை பாடும் பிள்ளைகள் செய்வதைச் செய்யுங்கள். தாளம் மாறாது, அடிக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று சுரம்தான் பெருகும். மெட்ரோனோமை 50-இல் வைத்து மூன்று காலமும் (வேகமும்) வாசியுங்கள். மூன்றாம் காலம், 100-இல் அடிக்கு இரண்டு சுரம் வாசிப்பதற்குச் சமம். அது உடைந்தால் 45-க்கு இறங்குங்கள். மூன்று முறை சுத்தமாக வந்தபிறகே 52.

ஒரு மணி நேரத்தைத் தாவல், இரைச்சல், வேகம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பொங்கல் பாடல்களின் கார்ட் வரிசையை அனுப்புங்கள், தாவல்களைக் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்