வீட்டில் பதிந்த குரலில் மின்விசிறி இரைச்சலை நீக்கினால் குரலும் சேர்ந்து கெட்டுப்போகிறதே, என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டில் ஒரு யூஎஸ்பி மைக் வைத்துச் சிறுகதைகள் வாசித்துப் பதிகிறீர்கள். பின்னால் மின்விசிறி இரைச்சல், அவ்வப்போது தெருச் சத்தம். ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் இரைச்சல் போய்விடுகிறது, ஆனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஆடாசிட்டியே போதும். 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். வீட்டிலிருந்தே ஆடியோ எடிட்டிங் செய்கிற என் வேலையில் பெரும்பகுதி இன்றைக்கும் அதில்தான் நடக்கிறது. உங்கள் பிரச்சினை, அதனிடம் கேட்கிற அளவு. இரைச்சல் சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் குரல் தப்பிக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். பேச்சில்லாத இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்தெடுத்து ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்துகிறீர்கள் அல்லவா? அப்போது மென்பொருள் அந்த ஒலியை அடித்தொனி முதல் உச்சத் தொனி வரை ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சல் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. அப்புறம் முழுப் பதிவையும் கொடுக்கும்போது, எந்தப் பட்டையில் எந்த நொடியில் ஒலி அந்த அளவைத் தாண்டவில்லையோ அங்கே குறைத்துவிடுகிறது. தாண்டினால் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான். இது குரல், இது விசிறி என்று அதற்குத் தெரியாது. சன்னமாக இருப்பதெல்லாம் அதற்கு இரைச்சல்தான்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. ‘வந்து’, ‘பேச்சு’, ‘எடுத்துக்கொண்டு’ மாதிரியான சொற்களை உங்கள் பதிவிலேயே போட்டுக் கேளுங்கள். கடைசி உகரம் பாதி மூச்சாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அதேதான். விசிறி ஓடுகிற அறையில் அந்தக் குறுகிய உகரம் இரைச்சலோடு கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். 20, 24 டெசிபல் குறைக்கச் சொன்னால் முதலில் பலியாவது அதுதான். ‘வந்த்’, ‘பேச்ச்’ என்று சொல் பாதியில் நறுக்கப்பட்டதுபோல் கேட்கும். அடுத்த பலி, மேல் அலைவரிசையில் சீறுகிற ச, ஸ ஒலிகள். அவை மழுங்கினால் வாசிப்பவர் வாயில் துணி வைத்திருப்பதுபோல் இருக்கும். இரைச்சலின் மிச்சங்கள் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தப்பி வந்து கிணுகிணுக்கும். இவை மூன்றும் சேர்ந்ததுதான் நீங்கள் சொல்கிற தண்ணீர்க் குரல்.

சரி, எவ்வளவு வைப்பது? ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ 6 டெசிபல், ‘சென்சிடிவிட்டி’ 6, ‘ஃப்ரீக்வென்சி ஸ்மூதிங்’ 6 என்று ஆரம்பியுங்கள். போதவில்லை என்றால் முதல் எண்ணை மட்டும் 9, 12 என்று ஏற்றிப் பாருங்கள். 12ஐத் தாண்ட வேண்டிய நிலை வந்தால் பதிவில்தான் கோளாறு, திரும்பப் பதிவது மேல். ‘சென்சிடிவிட்டி’யைக் கூட்டக் கூட்ட எதை இரைச்சல் என்று எண்ணுவது என்கிற கோடு மேலே ஏறும், உகரத்தை விழுங்குவது பெரும்பாலும் இந்த எண்தான்.

எண்களைவிட முக்கியமானது அதே பெட்டியில் கீழே இருக்கிற ஒரு பொத்தான். ‘ரெட்யூஸ்’ பக்கத்தில் ‘ரெசிட்யூ’ என்று இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்து ‘ப்ரிவ்யூ’ கொடுத்தால், மென்பொருள் எதையெல்லாம் வெட்டி எறியப்போகிறதோ அது மட்டும் கேட்கும். வெறும் ‘உஷ்ஷ்’ என்று விசிறிக் காற்று மட்டும் வந்தால் அளவு சரி. அதற்குள் உங்கள் குரல் கிசுகிசுப்பாக வந்தால், சொற்கள் புரிகிற அளவுக்கு வந்தால், குரலை வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம். எண்ணைக் குறைத்து மறுபடி கேளுங்கள். கிசுகிசுப்பு மறைகிற இடத்தில் நிறுத்தி, ‘ரெட்யூஸ்’க்கு மாற்றி ஓகே கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது. காதில் இயர்போன் இருக்க வேண்டும். மடிக்கணினி ஸ்பீக்கரில் இது எதுவும் தெரியாது.

ப்ரொஃபைல் எடுக்கிற இடத்திலும் கவனம் வேண்டும். பதிவைத் தொடங்கியதும் அசையாமல், மூச்சுச் சத்தம்கூட மைக்கில் விழாமல் ஐந்து விநாடி சும்மா இருங்கள். அந்த வெற்று ஒலிதான் மாதிரி. விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் புது மாதிரி வேண்டும், மைக்கை நகர்த்தினாலும் வேண்டும். நேற்றைய பதிவின் ப்ரொஃபைலை இன்றைக்குப் போடாதீர்கள். இன்னொன்று: சில கைப்பேசி ரெக்கார்டர் செயலிகளும் விண்டோஸின் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ வசதியும் நீங்கள் பேசாதபோது ஒலியைத் தாமாகவே ஏற்றும், பேசும்போது இறக்கும். இரைச்சல் இப்படி ஏறி இறங்கினால் எந்த மாதிரியும் பொருந்தாது. அவற்றை அணைத்துவிட்டுப் பதியுங்கள். அதே காரணத்துக்காகத்தான், உரத்த இடங்களை இறக்கி ஒலியைச் சமப்படுத்துகிற கம்ப்ரெஸரையும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குப் பிறகு போடச் சொல்கிறார்கள்.

மின்விசிறி, ஏசி, கணினியின் உள்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடுகிற இரைச்சலுக்குத்தான் இந்த முறை. ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் அடியில் ஓடினால் அது பெரும்பாலும் மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் ஒலிக்கும். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால், ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் வெட்டுகிற ‘நாட்ச் ஃபில்டர்’ இருக்கிறது. அதில் அமெரிக்கக் கணக்குக்கு 60 என்று போட்டிருப்பார்கள், 50 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். லாரி உறுமல், மேசை அதிர்வு மாதிரி அடித்தொனிக் குப்பைக்கு ‘ஹை-பாஸ் ஃபில்டர்’. ஆண் குரலுக்கு 80, பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸ் வைக்கலாம். திறந்ததும் 1000 என்று நிற்கும். பார்க்காமல் ஓகே கொடுத்தால் குரல் பழைய டெலிபோனில் கேட்பதுபோல் ஆகிவிடும். இதை நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

ஹாரன், காக்கை, குக்கர் விசில், ‘பழைய இரும்பு, பிளாஸ்டிக்’ என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிற வண்டி இதற்கெல்லாம் மென்பொருளிடம் போகாதீர்கள். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் விழுந்தால் வெட்டி எடுத்துவிடலாம். வாக்கியத்தின் மேல் விழுந்தால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிப்பதுதான் வழி. விசில் அடித்து ஓயும் வரை காத்திருங்கள், ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள், வாக்கியத்தைத் திரும்ப வாசியுங்கள். கை தட்டல் அலைவடிவத்தில் ஒற்றைப் பனைமரம்போல நிமிர்ந்து நிற்கும். எடிட்டிங்கில் எங்கே வெட்ட வேண்டும் என்று தேட வேண்டியதே இல்லை. வெட்டிய இடத்தில் இடைவெளி தேவைப்பட்டால் வெறும் மௌனத்தை வைக்காமல், தொடக்கத்தில் பதிந்த அந்த ஐந்து விநாடி வெற்று ஒலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுங்கள். திடீரென்று அறையே காணாமல் போனால் கேட்பவர் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இப்போது மென்பொருளுக்கு முன்னால் செய்ய வேண்டியது. உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் இடையில் இரண்டு சாண் இருந்தால் அதை ஒரு சாணாக்குங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். விசிறி இருந்த இடத்திலேயே இருக்கும். பதிவு அளவை அதற்கேற்பக் குறைத்தால் இரைச்சல் 6 டெசிபல் இறங்கிவிடும். மேலே ஆரம்ப அளவாகச் சொன்ன அதே 6 டெசிபல் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு உகரம்கூடச் சாகாமல். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ‘ப’ வரும்போது காற்று மைக்கில் மோதாது. உங்களுடையது கார்டியாய்ட் மைக் என்றால் அதன் முதுகுப்புறம் மந்தமாகத்தான் கேட்கும். தெரு ஜன்னலுக்கு அதன் முதுகு இருக்கிற மாதிரித் திருப்பிக்கொள்ளுங்கள்.

விசிறியை நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது சுலபம், மே மாதம் சென்னையில் மூடிய அறைக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஏசி இருந்தால் அறையை நன்றாகக் குளிரவைத்து, அணைத்துவிட்டு ஒரு கதையைப் பதிந்துவிடலாம். இல்லையென்றால் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, நடுவில் விசிறியைப் போட்டு ஆற்றிக்கொள்ளலாம். விசிறி ஓடியே ஆக வேண்டுமென்றால் அதன் காற்று நேராக மைக்கில் படாமலாவது பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கில் காற்று மோதுகிற சத்தம் சீராக இருக்காது, எந்த ப்ரொஃபைலிலும் அடங்காது.

எதிரொலியையும் இரைச்சல் என்று நினைத்து நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறவர்கள் உண்டு. மொட்டைச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஹாலில் பதிந்தால் வருவது அது. உங்கள் குரலே சுவரில் பட்டுத் திரும்புவதால் நாய்ஸ் ரிடக்‌ஷனால் பிரிக்க முடிவதில்லை. படுக்கையறைக்குப் போங்கள். மெத்தை, தலையணை, திறந்த பீரோவில் தொங்குகிற துணி, ஜன்னலில் கனமான திரை, இவை போதும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் பெரிய பலன் இல்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2017இல் வெளியான ஆர்என்நாய்ஸ் இந்த வகையில் முன்னோடி. திரைப்பதிவுக்கும் நேரலைக்கும் பயன்படுகிற ஓபிஎஸ் ஸ்டூடியோவில் அது உள்ளேயே இருக்கிறது. அடோபியின் ‘என்ஹான்ஸ் ஸ்பீச்’ இணையத்திலேயே வேலை செய்யும். மாறிக்கொண்டே இருக்கிற தெருச் சத்தத்தை இவை ஆடாசிட்டியைவிட நன்றாகவே எடுக்கும். அவசரமாக ஒரு பேட்டியைத் தேற்ற நானும் பயன்படுத்துகிறேன். கதை வாசிப்புக்கு என்றால் யோசிப்பேன். தணிந்த குரலில் வாசிக்கிற இடங்களையும், வேண்டுமென்றே இழுத்துவிடுகிற மூச்சையும் தேவையில்லை என்று தட்டையாக்கிவிடுகின்றன. போடுவதாக இருந்தால் ழ, ற்ற வருகிற இடங்களை மூலப் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

எது போதும் என்பதற்கு ஒரு அளவு வேண்டுமென்றால், ஆங்கில ஒலிப்புத்தகங்களுக்கான ஏசிஎக்ஸ் தளத்தின் விதியை எடுத்துக்கொள்ளலாம் (பூஜ்யம் என்பது பதிவின் உச்ச எல்லை, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒலி சன்னம்): சராசரி ஒலி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், பேச்சில்லாத இடத்து இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. அவர்களே இரைச்சல் அறவே இருக்கக் கூடாது என்று கேட்பதில்லை, கவனியுங்கள். யூடியூபுக்கோ பாட்காஸ்ட்டுக்கோ இரைச்சல் மைனஸ் 50 வாக்கில் இருந்தால்கூட யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பதிவை எம்பி3 ஆக அல்லாமல் வேவ் கோப்பாக, மோனோவில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிந்தால் கணினிக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக அனுப்பாதீர்கள். அது ஒலியைச் சுருக்கிவிடும். கேபிள் போட்டு எடுங்கள், அல்லது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சுத்தம் செய்வதையெல்லாம் பிரதியில் மட்டும் செய்து, மூலப் பதிவைத் தனி ஃபோல்டரில் தொடாமல் விட்டுவிடுங்கள். ஒருமுறை வெட்டுப்பட்ட உகரத்தைத் திரும்ப ஒட்டுகிற பொத்தான் எதிலும் இல்லை.