விருந்தினருக்குக் குறைக்க வேண்டியது மிளகாய் மட்டுமே

தம்பி,

பெருந்துறையிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதிலேயே, உடன் வேலை செய்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் சேர்த்து 12 பேரை விருந்துக்கு அழைத்திருக்கிறீர்கள். நால்வருக்குச் சமைக்கும் அளவை மூன்று மடங்காக்கி, உப்பு, புளி, காரம், மசாலா எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டும் வேண்டாம்.

இங்குள்ளவர்களுக்குப் பழகாதது மிளகாயின் எரிவு மட்டுமே. தென்ஜெர்மனியில் ரொட்டி மாவிலேயே மல்லி விதையும் சோம்பும் சேர்க்கும் வழக்கம் உண்டு என்பதால், அந்த மணங்களுக்கு அவர்கள் அந்நியர் அல்லர். உப்பையும் புளியையும் பாதியாக்கினால் சாப்பாடு சப்பென்று போய், நம் சமையலே இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொள்வார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

பள்ளிபாளையம் சிக்கன் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், வரமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றாலேயே சுவை பெறும் கறி அது. வரமிளகாயை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, கிள்ளி விதையையும் உள்நரம்பையும் உதறிவிட்டு, மற்றவற்றை முழு அளவில் போடுங்கள். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையுமே தவிர நீரில் கரையாது. ஆகவே பின்னால் தண்ணீர் ஊற்றிக் காரத்தைத் தணிக்க இயலாது. நிறம் குறைந்தால், இங்கே ‘எடெல்சூஸ்’ என்று விற்கும் இனிப்பு வகைப் பாப்ரிகா தூளைச் சேருங்கள். ‘ரோசென்ஷார்ஃப்’ என்பது கார வகை, அதை எடுத்துவிடாதீர்கள். பரிமாறுமுன் மிளகாய்களைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அதை ஒதுக்கி வைத்துச் சாப்பிட வேண்டும் என்று விருந்தினருக்குத் தெரியாது. காரம் வேண்டுவோருக்கு ஒரு கிண்ணத்தில் மிளகாய்ச் சட்னியும், எரிவு தணிய நிறையத் தயிர்ப் பச்சடியும் மேசைமேல் இருக்கட்டும்.

இனி அளவு. அரிசி பருப்புச் சாதத்துக்கு 12 பேருக்கு 750 கிராம் அரிசியும் 250 கிராம் துவரம் பருப்பும் போதும், கறியும் பச்சடியும் உடன் இருக்கின்றன. திறந்த பாத்திரத்தில் வைப்பதானால் நால்வருக்கு ஊற்றும் தண்ணீரை மூன்று மடங்காக்காமல் இரண்டரை மடங்கில் நிறுத்தி, வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பெரிய பாத்திரத்தில் சோற்றின் அளவுக்கு ஆவியாகும் நீர் குறைவு, மூன்று மடங்கு ஊற்றினால் குழைந்துவிடும். கடுகு, சீரகம், பெருங்காயம், தாளிக்கும் எண்ணெய் இவற்றுக்கு இரண்டு மடங்கே போதும். உப்பு மட்டும் உணவின் எடையோடு சேர்ந்தே ஏறும்: வெந்த உணவு கிலோவுக்கு 10 கிராமில் தொடங்கி ருசி பாருங்கள். ஊரில் கல் உப்பை அளந்த அதே கரண்டியில் இங்குள்ள பொடி உப்பை அளந்தால் கூடிவிடும், தராசில் நிறுப்பதே நல்லது. கறியை ஒரே வாணலியில் அடைக்காமல் இரண்டாகப் பிரித்து வதக்குங்கள். நெருக்கிப் போட்டால் வெங்காயமும் கறியும் நீர் விட்டு, வறுபடாமல் வெந்து போகும்.

யாருக்கு எது ஒவ்வாது என்று இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள், இதில் தயக்கமே வேண்டாம். வேர்க்கடலை, முந்திரி, எள், கடுகு நான்குமே ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் அடங்குபவை; நம் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அதனால் கேட்டுச் சொல்ல வேண்டியவை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஆகாதவர் இருந்தால் டப்பாவைப் படித்துப் பாருங்கள்.

முதலில் சிறிதாகப் பரிமாறுங்கள். தட்டில் மிச்சம் வைப்பதை இங்கே பலர் மரியாதைக் குறைவாகக் கருதுவதால், நம் ஊர்ப் பந்தியைப் போல் வற்புறுத்திப் போட்டால் சிரமப்பட்டாவது முடிப்பார்கள். போதும் என்று சொன்னால் போதும் என்றே கொள்ளுங்கள். பாலும் நெய்யும் உண்ணாதவர் யாராவது வருவதாகத் தெரிந்தால், அவருக்கான சாதத்தை நெய் ஊற்றுமுன் தனியே எடுத்து வைத்து, தயிருக்குப் பதில் தேங்காய்ச் சட்னி வைத்துவிடுங்கள்.