விரல் போன பிறகு வேலைக்குப் போனால் இ.எஸ்.ஐ. பணம் நின்றுவிடுமா?

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் பவர் பிரஸ்ஸில் மாட்டி வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. கம்பெனியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ‘வீட்டுக் கதவு இடுக்கில் மாட்டியதாகச் சொல்’ என்றார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டேன். இப்போது இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். ஆள் இல்லை, சும்மா உட்கார்ந்து கவுன்ட் மட்டும் எழுது என்று சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். ஜூலையில் சம்பளம் 21,400 ஆகிவிட்டதால் எனக்கு இ.எஸ்.ஐ.யே கிடையாது என்கிறார் ஹெச்.ஆர். ஒரு கன்சல்டன்ட் ‘30 சதவீத ஊனம் என்று போட்டு வாங்கித் தருகிறேன், வருவதில் மூன்றில் ஒரு பங்கு கொடு’ என்று கையெழுத்துப் போட்ட செக் கேட்கிறார். மறுபடி வேலைக்குப் போனால் பென்ஷன் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. ஆனால் நீங்கள் எந்தப் பணத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. இரண்டு பணம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், சில சமயம் கவுன்டரில் இருப்பவர்களும்கூட.

முதல் பணம், காயம் ஆறும்வரை வீட்டில் இருக்கும் நாட்களுக்கானது. தற்காலிக ஊன உதவித்தொகை என்பார்கள். உங்கள் சராசரி நாள் கூலியில் 90 சதவீதம். இந்தக் காலத்தில் நீங்கள் வேலை செய்யக் கூடாது, சம்பளமும் வாங்கக் கூடாது. இரண்டாவது பணம், காயம் ஆறிய பிறகும் திரும்பி வராத விரலுக்கானது. மெடிக்கல் போர்டு இத்தனை சதவீதம் என்று எழுதியதும் மாதாமாதம் உயிர் உள்ளவரை வரும். இதற்கும் நீங்கள் வேலைக்குப் போவதற்கும் சம்பந்தமே இல்லை. இதே கம்பெனியில் இருக்கலாம், வேறு கம்பெனிக்குப் போகலாம், சொந்தமாகக் கடை வைக்கலாம், சம்பளம் இரண்டு மடங்காகலாம். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. உயிர்வாழ்ச் சான்று கேட்கும்போது கொடுத்தால் போதும்.

நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள். அதனால் அந்தச் சூப்பர்வைசர் கூப்பிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

‘சும்மா வந்து உட்கார்’ என்று கூப்பிடுபவர் உங்கள் நல்லதுக்காகத்தான் கூப்பிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே போனால் பஞ்ச் வைப்பீர்கள், அல்லது வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும். பிறகு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் கம்பெனிக்கு எழுதி, இந்தத் தேதிகளில் இவர் வேலைக்கு வரவில்லைதானே என்று கேட்கும். கம்பெனி பதிவேட்டைப் பார்த்து ‘நான்கு நாள் வந்தார்’ என்று பதில் போட்டுவிடும். கூப்பிட்ட சூப்பர்வைசர் அன்று ஞாபகத்திலேயே இருக்க மாட்டார். டாக்டர் சர்டிபிகேட்டில் ஓய்வு, பதிவேட்டில் வேலை என்றால் பொய்க் கணக்குக் காட்டியவர் நீங்கள்தான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வழக்கும் போடலாம். லைட் டூட்டியும் டூட்டிதான். வேலைக்குப் போவதென்றால் டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்கிக்கொண்டு போங்கள். வாங்காதவரை கேட் பக்கமே போக வேண்டாம். கூப்பிடுவதை வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லுங்கள், அந்த மெசேஜை அழிக்காதீர்கள்.

இந்தக் காலத்தில் உங்கள் பக்கக் கடமைகள் இன்னும் சில உண்டு. டாக்டர் சொன்ன தேதியில் போக வேண்டும். குணமாவதைக் கெடுக்கிற மாதிரி எதுவும் செய்யக் கூடாது. அனுமதி வாங்காமல் வெளியூர் போய்த் தங்கக் கூடாது. சொந்த ஊர் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் தங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

அடுத்து ஹெச்.ஆர். சொன்னது. 21,000 ரூபாய் உச்சவரம்பு என்பது உண்மை. ஆனால் அதைத் தாண்டிய மாதமே இ.எஸ்.ஐ. அறுந்துவிடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சம்பளம் கூடிய சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் இதில் ஏமாறுகிறார்கள். இ.எஸ்.ஐ. கணக்கில் வருடத்துக்கு இரண்டு பங்களிப்புக் காலம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. அந்தக் காலம் தொடங்கும்போது உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் நடுவில் எவ்வளவு கூடினாலும் அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள்தான். கூடிய சம்பளத்துக்கும் சேர்த்தே பிடிக்க வேண்டும்: உங்களிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். ஏப்ரலில் நீங்கள் 21,000-க்குள் இருந்தீர்கள், ஜூலையில் 21,400 ஆனது, ஆகஸ்டில் விபத்து. அப்படியானால் விபத்தன்று நீங்கள் முழுமையாகக் காப்பீட்டுக்குள் இருந்தீர்கள், இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அக்டோபரில் வெளியே போயிருந்தாலும் ஆகஸ்டில் பட்ட காயத்துக்கான ஊனத் தொகை போகாது. விபத்து நாளில் உள்ளே இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் பணத்தைச் சேர்க்கக் கூடாது. உங்கள் 21,400-இல் ஓவர்டைம் கலந்திருக்கிறதா என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கலந்திருந்து, அதைக் கழித்தால் 21,000-க்குள் வருகிறது என்றால் நீங்கள் வரம்பையே தாண்டவில்லை. ஜூலை, ஆகஸ்ட் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பிடித்துக் கட்ட வேண்டியது கம்பெனியின் வேலை. அவர்கள் கட்டாததற்கு உங்கள் விரல் பொறுப்பல்ல. இ.எஸ்.ஐ. உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்.

சட்டமே மாறிவிட்டது, பழைய இ.எஸ்.ஐ. இனிச் செல்லாது என்றும் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. 1948-ஆம் வருடச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். வேலைக் காயத்துக்கு உதவித்தொகை அதிலும் உண்டு. இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர் அடுத்த வாக்கியத்தில் ஃபீஸ் கேட்பார், கவனியுங்கள்.

சரி, கதவு இடுக்குக் கதைக்கு வருவோம். வீட்டில் நடந்த விபத்து என்றால் ஊனத் தொகை ஒரு பைசா கிடையாது. வேலையில், வேலை காரணமாக நடந்தால்தான் உண்டு. கம்பெனி ஏன் அப்படிச் சொல்லச் சொன்னது என்று யோசித்தீர்களா? இ.எஸ்.ஐ. பணம் அவர்கள் பாக்கெட்டிலிருந்து வருவதில்லை. விபத்தை ஒழுங்காகப் பதிவு செய்தால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், பிரஸ்ஸில் கை போகாமல் தடுக்கும் கார்டு (தடுப்பு) எங்கே, சென்ஸார் ஏன் ஆஃப் ஆகியிருக்கிறது என்று கேட்பார். இவர்களிடம் உதிரிபாகம் வாங்குகிற பெரிய கம்பெனியின் ஆடிட்டில் சிவப்புக் கோடு விழும். அதை மறைக்க உங்களைப் பொய் சொல்ல வைத்து, தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு, தர்மம் செய்தது போல நிற்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய முடியும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கிளை அலுவலக மேலாளருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, ஷிஃப்ட், நேரம், எந்த பிரஸ், எந்த டை (அச்சு) ஓடியது, பக்கத்து மெஷினில் யார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது யார், வீட்டில் நடந்ததாகச் சொல்லச் சொன்னது யார் என்று எல்லாம் வர வேண்டும். விபத்து அறிக்கையைக் கம்பெனிதான் ஆன்லைனில் போட வேண்டும், போடவில்லை என்பதையும் எழுதுங்கள். அன்றைய வருகைப் பதிவு, ஷிஃப்ட் நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம், கம்பெனி பேரில் போட்ட பில் ஆகியவற்றின் நகலைச் சேருங்கள். ஷிஃப்ட் நேரத்தில் கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்கு வீட்டுக் கதவு எப்படி இடித்தது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் கிடையாது. ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மாட்டேன் என்றால் வாதாடாமல் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ஏழைத் தொழிலாளியின் கடிதத்துக்கு ஒரு சீல் குத்த இந்த நாட்டில் இவ்வளவு கை வலிக்கிறது.

‘இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றைக் கட்டிவைத்து ஒற்றைக் கையால் ஓட்டினாய், உன் தப்பு, ஒன்றும் கிடைக்காது’ என்று அடுத்த மிரட்டல் வரும். கம்பெனி வேலைக்காக, கம்பெனி மெஷினில், கம்பெனி புரொடக்‌ஷனுக்காகச் செய்ததுதானே? விதியை மீறியிருந்தாலும் அது வேலைக் காயம்தான்.

இப்போது கன்சல்டன்ட். அவர் சொல்கிற 30 சதவீதம் எங்கிருந்து வந்தது? விரல்களுக்கு எவ்வளவு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சடித்திருக்கிறது. கட்டைவிரல் முழுவதும் போனால்தான் 30. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9. உங்களுக்கு 11. மீதி இருக்கும் கணு மடங்கவில்லை, பக்கத்து விரலும் விறைத்திருக்கிறது என்றால் போர்டு கூடுதலாகப் போடலாம். அதை நீங்களே டாக்டர்களிடம் காட்டிச் சொல்லலாம், புரோக்கர் வந்து மடக்கிக் காட்ட வேண்டியதில்லை. உள்ளே ஆள் இருக்கிறார் என்பார். பாதிப் பேருக்கு அப்படி யாரும் கிடையாது. அட்டவணைப்படி தானாக வருகிறதைத் தான் வாங்கித் தந்ததாகச் சொல்லிப் பங்கு எடுப்பதுதான் தொழில். வரப்போகிற மழைக்கு வரி கேட்கிற மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி நாள் கூலி 650 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 585. வீட்டில் இருக்கும் நாட்களுக்கு இந்த 585 வரும். பிறகு 11 சதவீத ஊனம் என்றால் 585-இல் 11 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 64 ரூபாய் 35 காசு, 30 நாள் மாதத்துக்கு 1,930 ரூபாய் சொச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் வரும், இடையிடையே கொஞ்சம் ஏற்றியும் கொடுப்பார்கள். போர்டு தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஆனால் தற்காலிகத் தொகை நின்ற மறுநாளிலிருந்து கணக்கிட்டு, பாக்கியை மொத்தமாகக் கணக்கில் போடுவார்கள். அந்த முதல் மொத்தத் தொகை மேல்தான் கன்சல்டன்டுக்குக் கண். கையெழுத்துப் போட்ட செக் கேட்பது அதற்காகத்தான். சிலர் ஏ.டி.எம். கார்டையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஆதார் ஓ.டி.பி.யைக் கேட்கிறார்கள். எதையும் கொடுக்காதீர்கள். இ.எஸ்.ஐ.யில் இதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.

இன்னொரு கும்பல், ஊனச் சான்றிதழ் 40 சதவீதம் வாங்கினால்தான் இ.எஸ்.ஐ.யும் தரும் என்று சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அலையவிடும். அது வேறு அளவுகோல், வேறு அலுவலகம். இ.எஸ்.ஐ. பார்ப்பது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதை. உங்கள் 11 சதவீதத்துக்கு அந்த அட்டை தேவையில்லை.

போர்டு கூப்பிடும் நாளில் தவறாமல் போங்கள், போகாவிட்டால் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். தனியார் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்பென்சரி சர்டிபிகேட்டுகள், ஆதார், ஐ.பி. நம்பர் (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். ஆதாரிலும் ஐ.பி. கார்டிலும் பெயரில் இனிஷியல் வேறாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஒரு புள்ளிக்காக மாதக்கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்கிற கம்ப்யூட்டர் இது, அதனிடம் நியாயம் பேச முடியாது. போர்டு உங்களைப் பார்ப்பது ஐந்து நிமிடம்கூட இருக்காது. அதற்குள் எந்த வேலை இப்போது செய்ய முடியவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்: ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை, நட்டு எடுக்க முடியவில்லை, குளிரில் மரத்துப்போகிறது. ‘பரவாயில்லை சார்’ என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள்.

சதவீதம் குறைவாக வந்தால் முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். முடிவு வந்த கவரைத் தூக்கிப் போடாமல் அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். கன்சல்டன்டிடம் ஏற்கெனவே செக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக் காலையே பேங்குக்குப் போய் அந்த செக் நம்பருக்கு ஸ்டாப் பேமென்ட் போட்டுவிடுங்கள். அதன் பிறகு கிளை அலுவலகக் கடிதத்தை எழுத உட்காருங்கள்.