ஆறு பேரைக் கேட்டாய், மகளே

கேள்வி: எனக்கு வயது 29. வீடு பினாங்கின் பெருநிலக் கரையில், பட்டர்வொர்த்தில்; வேலை எதிரே தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில். வரும் தை மாதம் ஜார்ஜ்டவுன் பக்கம் ஒரு மண்டபத்தில் காலை முகூர்த்தம். மணவறை அலங்காரத்துக்கு உண்மைப் பூ என்றால் 8,500 வெள்ளி (ரிங்கிட்), செயற்கைப் பூ என்றால் 3,800 வெள்ளி என்கிறார் அலங்காரக்காரர். செயற்கைப் பூதான் வாடாது, படத்தில் நன்றாக விழும் என்கிறார் படம் எடுப்பவர். என் தோழியும் அதையே சொல்கிறாள். வருங்கால நாத்தனாரோ, "பிளாஸ்டிக் பூவா? ஊரே சிரிக்கும்" என்கிறார். மாலையாவது உண்மையாக இருக்கட்டும் என்பது பெரியம்மாவின் கட்சி. ஆனால் செயற்கை மாலையும் இப்போது அழகாகக் கிடைக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அப்பா இறந்து 6 வருடம் ஆகிறது. அம்மா பூ வைப்பதில்லை என்பதால் அவரை இதில் இழுக்கவில்லை. அன்றைக்குப் பந்தியைப் பார்த்துக்கொள்வதாக அவரே சொல்லிவிட்டார். பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்க்கிறார்கள். எந்தப் பூவைத் தேர்ந்தெடுப்பது?
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: அலங்காரக்காரர், படம் எடுப்பவர், தோழி, நாத்தனார், பெரியம்மா, மாப்பிள்ளை. எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர். ஏழாவதாக, முகம் தெரியாத எனக்கு ஒரு கடிதம். பூவைப் பற்றி இத்தனை பேரிடம் கேட்ட நீ, பெற்றவளிடம் மட்டும் கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறாய். அதையும் போகிற போக்கில், மண்டபத்துக் கார் நிறுத்தும் இடத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போகிறாய்: அம்மா பூ வைப்பதில்லை.

உண்மைப் பூவா, செயற்கைப் பூவா என்று எனக்குக் கடிதம் வராத கல்யாண சீசனே கிடையாது. பெரும்பாலும் நாலு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவேன். உன் கடிதத்தையும் அப்படித்தான் முடித்திருப்பேன், அந்த ஒரு வரி மட்டும் இல்லாதிருந்தால்.

பூ வைக்காதவருக்குப் பூவைப் பற்றி ஒன்றும் தோன்றாது என்று உனக்கு யார் சொன்னது? 6 வருடத்துக்கு முன்புவரை உன் அம்மா பூ வாங்கியவர்தானே? எந்தக் கடையில் சரத்தை நெருக்கமாகக் கட்டுவார்கள், எந்தக் கடையில் முழம் போடும்போது கையைச் சுருக்கிக்கொள்வார்கள், எங்கே நேற்றைய பூவின்மேல் தண்ணீரைத் தெளித்து இன்றைய பூ என்று தலையில் கட்டுவார்கள், இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கு உனக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பூ வைத்து அனுப்பியது உன் நாத்தனாரா?

அப்புறம் அந்த வரியின் மறுபாதி. "பந்தியைப் பார்த்துக்கொள்வதாக அவரே சொல்லிவிட்டார்." இந்த "அவரே" என்ற சொல்லைப் போட்டுவிட்டு நீ நிம்மதியாகப் பெரியப்பாவுக்குத் தாவிவிட்டாய். என்னால் தாவ முடியவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் நான் சாம்பார் வாளியைப் பார்க்கிறேன் என்று ஒரு தாய் எதற்காகச் சொல்கிறாள்? பந்தி பார்க்க ஆள் பஞ்சமா? இப்போதெல்லாம் சமையல் குத்தகை எடுத்தவர்களே பரிமாறி, மேசையைத் துடைத்து, பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று யாராவது சொல்வதற்கு முன்னால் தானாகவே தள்ளி நின்றுவிட்டால் மானமாவது மிஞ்சும். உன் அம்மா அந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். நம் பெண்களுக்கு இது கைவந்த கலை. விரட்டுகிற பாவத்தைக்கூட நமக்கு மிச்சம் வைக்க மாட்டார்கள்.

"அம்மாவுக்கே விருப்பம் இல்லை" என்று அடுத்த கடிதம் எழுதுவாய், எனக்குத் தெரியும். கேட்டாயா? கேட்டுவிட்டு எழுது.

இதில் நானும் யோக்கியம் கிடையாது. 1978-இல் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கல்யாணம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். மணவறை முழுக்கக் காகிதப் பூ; தமிழ்ப்பள்ளி வாத்தியாரும் பெரிய பையன்களும் ஒரு வாரம் உட்கார்ந்து வண்ணக் காகிதத்தை வெட்டிச் சுருட்டிக் கம்பியில் கட்டிச் செய்தது. (அதனால், செயற்கைப் பூ என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். பால்மரம் வெட்டிப் பிழைத்த சனத்துக்கு ரோஜாப்பூ மேடை எங்கிருந்து வரும்?) என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அன்று விடியற்காலை 4 மணிக்கு எனக்குத் தலைவாரிப் பின்னியதும் அவர்தான். பூ வைக்கிற கட்டம் வந்தது. அத்தை சீப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். பக்கத்து லயத்து அக்கா ஒருத்தர் வந்து பூ வைத்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் அத்தை சமையல் கொட்டகைத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றதாகப் பிறகுதான் சொன்னார்கள். அதற்குப் பின்னும் 19 வருடம் இருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

தாரை வார்ப்பதற்குத் தம்பதியாக உட்கார வேண்டும் என்பது உங்கள் குடும்ப வழக்கம் என்றால் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை, அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் தட்டிலிருந்து மாலையை எடுத்து உன் கையில் கொடுக்க எதற்குத் தம்பதி? அலங்கார அறையில் உன் தலையில் பூ வைப்பதற்கு என்ன தகுதி வேண்டும்? தாலித் தட்டைச் சபைக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் ஆசி வாங்குவார்களே, அதை முதலில் யார் முன்னால் நீட்டுவது? உன்னைப் பத்து மாதம் சுமந்தவள் தொட்டால் அந்தத் தாலிக்குத் தோஷம் வரும் என்று நினைக்கிறவர்களை நான் மதிப்பதில்லை. வயதில் மூத்தவர்களாக இருந்தாலும்.

பெரியம்மா முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். அவரிடம் பேச வேண்டியவள் நீ. அந்தப் பேச்சை அம்மா தலையில் கட்டாதே. 29 வயது, சொந்தச் சம்பளம், 8,500 வெள்ளியா 3,800 வெள்ளியா என்று கணக்குப் பார்க்கத் தெரிகிறது. "எங்க அம்மா முன்னால நிப்பாங்க பெரியம்மா" என்று சொல்ல மட்டும் வாய் வராதா? மாப்பிள்ளையிடமும் இப்போதே சொல்லிவிடு. பூவுக்கு "உன் இஷ்டம்" என்றவர், இதற்கும் அதையே சொல்கிறாரா என்று பார். எந்தப் பூ என்பதைவிட அது உனக்குத் தெரிந்திருப்பது நல்லது.

ஒன்று மட்டும் செய்யாதே. இதைப் படித்த வேகத்தில், முகூர்த்தம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, ஐந்நூறு பேர் பார்க்கத் தலையில் பூ வைத்து, அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற வேலை. அப்படிச் சிலவற்றைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அந்த அம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். தனியாக இருக்கும்போது கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. சில பெண்களுக்குப் பூ வைக்காமல் இருப்பது ஊருக்குப் பயந்து செய்வது. வேறு சிலருக்கு அது கணவருக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ஏதோ ஒரு கணக்கு, அதில் நாம் தலையிடக் கூடாது. உன் அம்மா எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. 6 வருடமாகக் கூடவே இருக்கிற உனக்கும் தெரியவில்லை, அதற்குத்தான் இவ்வளவு திட்டு.

சரி, பூவுக்கு வருவோம்.

மணவறையின் பின்தட்டி, தூண், வாசல் வளைவு எல்லாம் செயற்கையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் கிட்டே போய் முகர்ந்து பார்க்கப் போவதில்லை. உண்மைப் பூ மேடை என்றால் முழுக்க இயற்கை என்று நாத்தனார் பீற்றிக்கொள்ளவும் வேண்டாம். பூவைக் குத்தி நிறுத்துகிறார்களே பச்சை ஸ்பஞ்ச், அது பிளாஸ்டிக் வகைதான், மண்ணில் போட்டால் மக்காது. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அலங்காரக்காரரின் கிடங்குக்குப் போய் அந்தப் பூக்களை உன் கண்ணால் பார்த்துவிடு. வாடகைப் பூ பல கல்யாணம் கண்டது. தூசி படிந்து, இதழ் ஓரம் பிரிந்து, வெள்ளைப் பூ பழுப்பேறிக் கிடக்கும். கைபேசியில் அவர் காட்டுகிற படம் அந்தப் பூ புதிதாக வந்த நாளில் எடுத்ததாக இருக்கும்.

ஓரிடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹோம குண்டத்தின் அருகில் செயற்கைப் பூ கூடாது. சில்க் பூ என்று பெயர்தான், பட்டு கிடையாது, பெரும்பாலும் பாலியஸ்டர். சுமார் 250 பாகை செல்சியஸில் உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு பொசுக்கும். ஐயர் நெய்யை ஊற்ற ஊற்றத் தீ எழும்பும். பக்கத்தில் நீ பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருப்பாய். அங்கே வாழைக்கன்றும் மாவிலையும் தென்னங்குருத்துத் தோரணமும் போதும். செலவும் குறைவு.

மாலை உண்மைப் பூவில்தான். பெரியம்மா இதில் சரியாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் என் காரணம் வேறு. நம் வீடுகளில் வாடாத மாலை எங்கே தொங்குகிறது? கூடத்துச் சுவரில், இறந்தவர் படத்தில். உன் அப்பா படத்துக்கும் அப்படி ஒன்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே சரக்கைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிற இரண்டு பேர் மூன்று முறை மாற்றிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. மூடநம்பிக்கை என்று நீ சொன்னால் வாதாட மாட்டேன். வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று ஆசையாக இருந்தால், மாலையில் ஒரு வரிசை வாடாமல்லி சேர்த்துக் கட்ட முடியுமா என்று பூக்காரரைக் கேள். காய்ந்தாலும் அந்த ஊதா நிறம் சட்டென்று போகாது.

நீ கவனிக்காத இன்னொன்று, மாதம். மார்கழி, தைப் பனியில் தமிழ்நாட்டில் மல்லிகைச் செடி சரியாகப் பூக்காது. பொங்கலும் தை முகூர்த்தங்களும் சேர்ந்து அங்கேயே விலை எகிறும். அந்தப் பூ ஐஸ் பெட்டியில் விமானம் ஏறி இங்கே வரும்போது என்ன விலை சொல்வார்கள் என்று யோசித்துக்கொள். இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசம் வேறு; ரதம் வருகிற வழியெல்லாம் மாலை. மல்லிகை வேண்டாம், கேமரன் மலைச் சாமந்தியை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், சீனப் பெருநாள் கிராக்கியும் அதையொட்டித்தான் வரும். அலங்காரக்காரர் சொன்ன 8,500 வெள்ளி உன் கல்யாண வாரத்துக்கும் அதேதானா? எழுதி வாங்கியிருக்கிறாயா?

அதனால் மாலைக்குச் சம்பங்கியும் ரோஜாவும் கேள். மேடைக்கு முன்னால் கொஞ்சம் உண்மைப் பூ வேண்டும் என்றால் ஆர்கிட் வை. நம் ஊர் வெக்கையில் வளர்கிற பூ, அரை நாள் கல்யாணத்துக்கு அசராது. மல்லிகையைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மல்லிகையை விடியலில் மொட்டாகப் பறிப்பார்கள், அன்று சாயங்காலமே விரியத் தொடங்கிவிடும். ஐஸில் வைத்து அதைத் தள்ளிப்போட்டுத்தான் கடல் தாண்டிக் கொண்டுவருகிறார்கள். உனக்குக் காலை முகூர்த்தம். முதல் நாள் இரவு அதை எப்படி வைத்திருந்தால் மறுநாள் காலை மொட்டு அவிழ்கிற பதத்தில் தலைக்கு ஏறும் என்பது பூ வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு ஈரத் துணி, எத்தனை மணி நேரம் குளிர்ப்பெட்டி என்று என்னைக் கேட்காதே. யாரைக் கேட்க வேண்டும் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

இந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபெரி ஏறு. ஜெட்டியில் இறங்கி லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்து மாலைக் கடைகளில் விசாரியுங்கள். பேரத்தை அவரிடம் விட்டுவிட்டு நீ பையைப் பிடித்துக்கொண்டு நில். ஆனால் அம்மாவிடம் கேட்க வேண்டியதைக் கடை வாசலில் வைத்துக் கேட்காதே, அங்கே பத்துப் பேர் நிற்பார்கள். ஃபெரியிலேயே கேட்டுவிடு: என் தலைக்கு நீங்கள் பூ வைத்துவிடுகிறீர்களா, மாலையை நீங்கள் எடுத்துத் தருகிறீர்களா, உங்களுக்கு எத்தனை முழம் சொல்லட்டும்? இப்போதெல்லாம் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் போக வேண்டும். கரையை விட்டுக் கிளம்பி நடுக்கடலுக்கு வந்ததும் கேள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட அங்கே வழி கிடையாது.