டிபி, டம்ளர், அப்புறம் அந்த அரை மா

கடிதம்:

அன்புள்ள அண்ணனுக்கு, நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். தம்பிக்கு 22 வயசு, போன மாசம் டிபின்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. பொறந்தப்ப பிசிஜி போட்ட தழும்பு கையில அப்படியே இருக்கு, அப்புறம் எப்படி வந்துச்சு? நூறு வருஷமா அதே ஊசிதானாமே, கொரோனாவுக்கு ஒரே வருஷத்துல கண்டுபிடிச்சவங்களுக்கு இதுக்கு மட்டும் முடியலையா, ஏழைங்க வியாதிங்கறதாலயா? புது ஊசி எப்ப வரும்? ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தா சேரலாமான்னு கேட்டதுக்கு, சோதனை எலியா ஆகப்போறியான்னு அம்மா கத்துறாங்க. தம்பிக்கு தட்டு டம்ளர் எல்லாம் தனியா வச்சு பத்திரமாத்தான் பாத்துக்கிறோம். பேர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நாலஞ்சு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா எனக்கு உறுத்துனது கேள்வியே இல்லாத அந்த கடைசி வரிதான். அதுக்கு அப்புறம் வர்றேன், வந்தா திட்டுவேன், தயாரா இருங்க.

கொரோனா கதையை விடுங்க. ஏழைங்க வியாதிங்கறது வாஸ்தவம், காசு கொட்டியிருந்தா இன்னும் சீக்கிரம் நடந்திருக்கும், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா கொரோனா தொத்துனா நாலஞ்சு நாள்ல தெரிஞ்சிரும், டிபி கிருமி உள்ள போயி வருஷக்கணக்கா சத்தமில்லாம படுத்துக்கிடக்கும், கிருமி ஏறுன பத்து பேர்ல மிஞ்சிப்போனா ஒருத்தருக்குத்தான் ஆயுசுல எப்பவாவது வியாதியா வெளிய வரும். அப்ப ஒரு ஊசி வேலை செய்யுதா இல்லையான்னு பாக்க எத்தனை ஆயிரம் பேரை எத்தனை வருஷம் பாக்கணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

தழும்பு விஷயம். பிசிஜிங்கறது கால்மெட், கெரான்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க 1908ல ஆரம்பிச்சு 1921 வரைக்கும் மாட்டு டிபி கிருமியை பித்தநீர் சேத்த உருளைக்கிழங்குல வளத்து, எடுத்து, மறுபடி புதுசுல வச்சு, நாத்து பறிச்சு நடுற மாதிரி 230 தடவை மாத்தி மாத்தி வீரியத்தை போக்கி எடுத்தது. கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சலா வர்ற டிபியை அது நல்லாவே தடுக்கும். பெரியவங்களுக்கு நுரையீரல்ல வர்றதைத்தான் நம்பி சொல்ல முடியாது. அதனால வேஸ்ட் ஊசின்னு யாராச்சும் சொன்னா நம்பி, நாளைக்கு உங்க குழந்தைக்கு போடாம இருந்துடாதீங்க.

பெரியவங்களுக்கு சரிவரலங்கறது எப்படி தெரியும்? இங்கதான் நான் கொஞ்சம் நீட்டப்போறேன், பொறுத்துக்கங்க. அதைக் கண்டுபிடிச்சு குடுத்ததே நம்ம தமிழ்நாட்டு சனங்கதான். 1955ல ராஜாஜி பிசிஜியை எதிர்த்து புத்தகமே போட்டாரு, டெல்லில அதைக் காதுல போட்டுக்காம ஊசி போட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. அப்புறம் 1968ல அன்னைக்கு செங்கல்பட்டு ஜில்லாவா இருந்த திருவள்ளூர் பக்கம் ஊர் ஊரா போயி, ரெண்டரை லட்சம் பேருக்கும் மேல ஊசி போட்டாங்க, பாதி பேருக்குமேல பிசிஜி, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி ஊசி, யாருக்கு எதுங்கறது குத்துனவருக்கே தெரியாது. எக்ஸ்ரே, சளி டெஸ்ட்னு பதினஞ்சு வருஷம் பின்னாடியே போனாங்க. முடிவு என்னன்னா, பெரியவங்களோட நுரையீரல் டிபியை பிசிஜி அங்க தடுக்கவே இல்ல. பிரிட்டன் பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட பிரமாதமா வேலை செஞ்ச அதே ஊசி. ஏன்னா, நம்ம மண்ணுலயும் தண்ணிலயும் டிபி கிருமியோட பங்காளி கிருமிங்க நிறைய, அதுங்களோட பழகிப்பழகி உடம்புக்கு பிசிஜி புதுசாவே தெரியலன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. சேத்துலயே பொழங்குற நமக்கு இது சட்டுன்னு புரியுது.

இதை எழுதுறவங்க எல்லாரும் "தோல்வியடைந்த ஆய்வு"ன்னு எழுதுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வரும். தோத்தது ஊசி. ஆய்வு எங்க தோத்துச்சு?

எங்கப்பா குறுவைக்கு கடைக்காரர் சொன்னார்னு வருஷா வருஷம் ஒரு டானிக் வாங்கி அடிப்பாரு. ஒரு வருஷம் வெவசாய ஆபீசர் ஒருத்தர் வந்து, அரை மா நிலம் மட்டும் டானிக் அடிக்காம விடுங்க, மத்ததெல்லாம் ஒரே மாதிரி செய்யுங்கன்னு கேட்டாரு. "ஏன், அந்த அரை மா என்ன பாவம் பண்ணுச்சு"ன்னு அப்பா நின்னாரு, அப்புறம் என்னமோ ஒத்துக்கிட்டாரு. வாய்க்கா வரப்புல போறவன் வர்றவன் எல்லாம் "என்ன, மாப்பிள்ளைக்கு விருந்து இல்லியா"ன்னு அந்த துண்டைக் காட்டி கேலி பண்ணுவான். அறுப்புல ஆபீசரே வந்து ரெண்டு பக்கமும் சரியா அளந்து கயிறு கட்டி, தனித்தனியா அறுத்து அடிச்சு நிறுத்தா, வித்தியாசம் ஒரு படிகூட இல்ல. ஆபீசருக்கு மூஞ்சி செத்துப்போச்சு, டானிக் நல்லா இருக்கும்னு நினைச்சிருப்பாரு போல. அப்பா களத்துமேட்டுல உக்காந்து அவ்வளவு நேரம் சிரிச்சாரு. அப்புறம் சாகுற வரைக்கும் அந்த டானிக்கை வாங்கல. அந்த அரை மா சும்மா கிடந்ததாலதான் எங்க வீட்டுக்கு அத்தனை வருஷ காசு மிச்சம், என்னங்குறேன்.

இப்ப புது ஊசிக்கு வர்றேன். எம்72ன்னு ஒண்ணு, தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியாவுல ஏற்கனவே கிருமி ஏறி ஆனா வியாதி வராத பெரியவங்களுக்கு போட்டுப் பாத்தாங்க. கிட்டத்தட்ட 3,300 பேர், மூணு வருஷம். ஊசி போட்டவங்கள்ல 13 பேருக்கு டிபி வந்துச்சு, டம்மி போட்டவங்கள்ல 26 பேருக்கு. அவ்வளவுதான் மொத்தமே. பாதியா குறைக்குதுன்னு உலகமே குதிச்சது இந்த ரெண்டு நம்பரை வச்சுத்தான், அந்த 26 பேர் யாருன்னு யாருக்கும் தெரியாது, அவங்க இல்லன்னா 13க்கு அர்த்தமே இல்ல. 2024 மார்ச்ல இதோட பெரிய சோதனை ஆரம்பிச்சு அஞ்சு நாட்டுல நடக்குது, 20,000 பேர் வரைக்கும், அதுல இந்தியா இல்ல, 2028 வாக்குல முடிவு எதிர்பாக்குறாங்க. நம்ம நாட்டுலயும் 2019ல ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு வேற ரெண்டு ஊசியை, நோயாளி வீட்டு ஆளுங்க 12,000 பேர்கிட்ட சோதிக்க ஆரம்பிச்சாங்க. உங்க தம்பி எதுக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, அவனுக்கு இப்ப மாத்திரைதான்.

அம்மா கத்துறதை நான் தப்பு சொல்ல மாட்டேன். 1930ல ஜெர்மனில லூபெக்னு ஒரு ஊர்ல பிசிஜியோட நிஜ டிபி கிருமி கலந்துபோயி 70 பச்சக்குழந்தைங்களுக்கு மேல செத்துப்போச்சு, பயத்துக்கு காரணம் இருக்கு. ஆனா எலிகிட்ட யாரும் சம்மதம் கேக்குறதில்ல, எலி பாதில எந்திரிச்சு போகவும் முடியாது. தமிழ்ல எழுதுன பேப்பரை படிச்சு, ஏதாவது ஆனா யார் பாத்துக்குவாங்க, எப்ப வேணா விலகலாமான்னு கேளுங்க, பதில் புடிச்சா சேருங்க, புடிக்கலன்னா வந்துடுங்க.

சரி. அந்த டம்ளர்.

எங்க அத்தை, அப்பாவோட அக்கா, எழுபதுகள்ல டிபி வந்து புகுந்த வீட்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க வீட்டு எவர்சில்வர் பாத்திரம் எல்லாத்துலயும் தாத்தா பேர் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும், அத்தை டம்ளர்ல மட்டும் பேருக்கு பக்கத்துல ஆணியால கீறுன ஒரு பெருக்கல் குறி. ஒண்ணரை வருஷம் ஊசியும் மாத்திரையும் எடுத்து அத்தைக்கு சுத்தமா சரியாயிடுச்சு, அதுக்கப்புறம் இருபத்தி நாலு வருஷம் எங்களோட இருந்தாங்க, டம்ளர் மாறவே இல்ல. ஒரு தடவை நான் அதுல மோர் குடிச்சிட்டேன், என்னை அடிச்சது அம்மா இல்ல தங்கச்சி, அத்தை. அடிச்சிட்டு கிணத்தடில போயி அந்த டம்ளரை சாம்பல் போட்டு தேச்சுக்கிட்டே இருந்தாங்க, தேஞ்சு போற அளவுக்கு.

இத்தனைக்கும் 1959லயே சென்னையில நிரூபிச்ச விஷயம் இது. ஒரு பாதி நோயாளிங்களை சானடோரியத்துல, அதாவது டிபிக்குன்னே தனியா இருந்த ஆஸ்பத்திரில வச்சாங்க, இன்னொரு பாதியை அவங்கவங்க வீட்லயே, சின்ன சின்ன குடிசையில, குடும்பத்தோடவே விட்டு மாத்திரை குடுத்தாங்க. வீட்ல இருந்தவங்களுக்கும் அதே மாதிரி குணமாச்சு, கூட இருந்த சொந்தக்காரங்களுக்கு அதிகமா ஒண்ணும் தொத்தல. உலகம் பூரா சானடோரியத்தை மூட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். எங்க வீட்டுக்கு மட்டும் சேதி வந்து சேரல. உங்க வீட்டுக்கும் இன்னும் வரல, அதான் எனக்கு கோவம். டிபி எச்சில் தட்டுல பரவாது, இருமுற காத்துல பரவும். மாத்திரை ஒழுங்கா போட்டா ரெண்டு மூணு வாரத்துல அதுவும் வெகுவா குறைஞ்சிடும். தட்டை பிரிச்சு வச்சவங்க ஜன்னலைத் திறந்து வச்சீங்களா? நீங்களும் அம்மாவும் போய் டெஸ்ட் எடுத்தீங்களா? வீட்டு ஆளுங்களுக்கு வராம தடுக்க மாத்திரை இருக்கு, அதைப் பத்தி லெட்டர்ல ஒரு வரி இல்ல, ஆனா டம்ளர் மட்டும் தனியாச்சு, ரொம்ப பத்திரம்.

திட்டிட்டேன், மன்னிச்சுக்கங்க. திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு போங்க. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே அவன் தட்டையும் டம்ளரையும் கழுவி மத்ததோட சேத்து கவுத்துடுங்க, அவன் பாக்குற மாதிரி.