ரேம் போடலாமா, வேண்டாமா? – ரங்கூனிலிருந்து ஒரு கேள்வி பதில்

“கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர்கிறது, ரேம் போட்டால் சரியாகுமா?” போன மாதம் மட்டும் இந்தக் கேள்வியைக் கோயில் வாசலில், டீக்கடையில், ஒரு கல்யாணப் பந்தியில்கூடக் கேட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுதி அனுப்புங்கள், ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன் என்றேன். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான் தகுதி. கரண்ட் இருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். அதனால் பதில்கள் இரண்டு மூன்று நாளில் துண்டு துண்டாக வரும்.

தாம்வேயிலிருந்து ஓர் அக்கா: வீட்டில் பழைய டெஸ்க்டாப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்ச் போட்டுச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் இன்னொரு 4 ஜிபி போடச் சொல்கிறார். போடலாமா தம்பி?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அக்கா. முதலில் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (கம்ப்யூட்டரின் மூளை), மெமரி (ரேம்தான்), டிஸ்க் மூன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று காட்டும். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. எந்த நேரத்தில் எரிச்சல் வருகிறதோ, சரியாக அந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கடை டவுனில் இருக்கிறது, கிடங்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலாவில் இருக்கிறது என்று வையுங்கள். ரேம்தான் கடை. ஹார்ட் டிஸ்க் கிடங்கு. கடையில் இல்லாத சரக்கைக் கேட்டால் பையன் படகு ஏறிப் போய் எடுத்துவர வேண்டும். கடையைப் பெரிதாக்கினால் படகுப் பயணம் குறையும், ரேம் போடுவது அதுதான். ஆனால் காலையில் கடை திறக்கும்போது எல்லாச் சரக்கும் அக்கரையிலிருந்துதான் வந்தாக வேண்டும். கடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த முதல் பயணம் தப்பாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது எதுவும் சுழலாத வேகமான டிஸ்க், போடுவது ஆற்றுக்குப் பாலம் கட்டுகிற வேலை. சுழலும் ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சுமார் நூறு இடத்தில்தான் போய்த் தேட முடியும். சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிட்டு வரும்.

மெமரி 90-க்கு மேல், டிஸ்க்கும் 100 என்றால் கடை போதவில்லை. இடமில்லாமல் சரக்கைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது ரேம் கேட்பது நியாயம். மெமரி 50, 60-இல் நிற்கிறது, டிஸ்க் மட்டும் 100 என்றால் எத்தனை ரேம் போட்டாலும் காசு ஆற்றோடு போகும். சிபியு 100 என்றால் வேறு கதை: அப்டேட் ஓடலாம், வைரஸ் இருக்கலாம், விசிறியில் தூசி அடைத்துச் சூடாகியிருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் மெமரி 62, டிஸ்க் 100. முதலில் 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். கடைக்காரரிடம் கொடுக்கும் முன் பிள்ளைகளின் படங்களை வேறு எதிலாவது காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் வந்து சொல்லுங்கள்.

மோல்மேனிலிருந்து ஒருவர்: 8 ஜிபி போட்டிருக்கிறேன். ஆனால் 3.2 ஜிபிதான் பயன்படும் என்று காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. உங்கள் விண்டோஸ் 32 பிட். அதனால் 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது, அதிலும் கொஞ்சத்தை கிராஃபிக்ஸ் முதலானவை பிடித்துக்கொள்ளும். 64 பிட் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள், மிச்சமும் தெரியும். அதற்கு முன் காப்பி.

பசுண்டானிலிருந்து ஒரு தம்பி: 8 ஜிபி ஒரே ஸ்டிக் (ரேம் பலகை). தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. 16 ஆக்கினால்?

பதில்: இங்கே ரேம் உதவும், அதுவும் ஜோடியாகப் போட்டால். கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸும் அதே ரேமில்தான் பங்கு கேட்கும். ஒரு ஸ்டிக் என்றால் ஒற்றை வழிப்பாதை. அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்றை மற்ற சேனலின் (அடுத்த பாதையின்) சிலாட்டில், அதாவது ரேம் செருகும் இடத்தில், போட்டால் இரட்டை வழி. நான்கு சிலாட் உள்ள மதர்போர்டில் எந்த இரண்டு என்று போர்டிலேயே அச்சிட்டிருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். பழைய ஸ்டிக்கின் மேலுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. வாயால் சொல்லி ரேம் வாங்காதே.

பெகுவிலிருந்து ஓர் ஐயா: டிடிஆர்3 (பழைய ரக ரேம்) 8 ஜிபி ஸ்டிக் பாதி விலைக்குக் கிடைத்தது, இரண்டு வாங்கினேன். போட்டால் திரையே வருவதில்லை. பழையதைப் போட்டால் ஓடுகிறது. போர்டு கெட்டுவிட்டதா?

பதில்: போர்டு நன்றாக இருக்கிறது ஐயா. பாதி விலை என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டிக்கரில் எங்காவது ‘ஏஎம்டி’ (இன்டெல் போல இன்னொரு சிபியு கம்பெனி) என்று இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு சில்லும் நான்கு பிட் அகலத்தில் கட்டிய மலிவான ஸ்டிக்குகள் சந்தையில் நிறைய உண்டு. பழைய ஏஎம்டி போர்டுகள் அவற்றை ஏற்கும். இன்டெல் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எட்டு பிட், பதினாறு பிட் சில்லுகளைத்தான் ஏற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், பச்சைப் பலகை, கறுப்புச் சில்லு. எனக்கும் ஒரு தடவை பத்து ஸ்டிக் இப்படி வந்து சேர்ந்தது. விற்றவர் ‘உங்களுக்கு மாட்டத் தெரியவில்லை’ என்றார்! இரண்டு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

உங்கள் போர்டின் மாடல் எச்61 என்றால் இரண்டு சிலாட்டிலும் சேர்த்து 16 ஜிபி வரை தாங்கும். ஜி41 என்றால் 8-தான் உச்சம். அதையும் தெரிந்துகொண்டு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

திங்கன்ஜூனிலிருந்து ஒரு வாசகர்: ரேம் எல்லாம் வாங்க வேண்டாம். நான் என் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன், கம்ப்யூட்டர் இரண்டு மடங்கு வேகம். இதை ஏன் நீங்கள் யாருக்கும் சொல்வதில்லை?

பதில்: சொல்வதில்லை, ஏனென்றால் அழிரப்பரால் வேகம் வராது. பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை வராமல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு அது வைத்தியம். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் ஸ்டிக்கின் காலில் (சிலாட்டில் செருகும் உலோகப் பட்டைகளில்) அழுக்குப் படியும், தொடர்பு விட்டுப்போகும். தேய்த்தால் சில சமயம் உயிர் வரும், அதோடு சரி.

*(இதற்குப் பின் நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை.)*

மோல்மேன்காரர் மறுபடி: அழிரப்பரா? பெட்ரோலில் நனைத்த துணிதான் சரி.

மண்டலேயிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன்: பெட்ரோலா! வீட்டைக் கொளுத்தவா? வெள்ளை அழிரப்பர் மட்டும். சொரசொரப்பானது வேண்டவே வேண்டாம், அதில் மணல் மாதிரித் துகள் இருக்கும்.

பசுண்டான் தம்பி: எங்கள் தாத்தா ரேடியோவுக்கே வேட்டி முனைதான் போடுவார்.

திங்கன்ஜூன் வாசகர்: எதால் தேய்த்தாலும் சரி, என் கம்ப்யூட்டர் வேகமானது உண்மை. என் மனைவியே சாட்சி.

பதில்: பெட்ரோல் பேச்சை இங்கேயே நிறுத்துங்கள். மண்டலே அண்ணன் சொல்வது சரி. அந்தக் கால்களின் மேல் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. மலிவு ஸ்டிக்கில் இன்னும் மெல்லியது. மாதம் ஒரு தடவை சொரசொரப்பான அழிரப்பரால் தேய்த்தால் தங்கம் போய் அடியிலுள்ள உலோகம் வெளியே வரும். அப்புறம் மோல்மேன் மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். மென்மையான வெள்ளை அழிரப்பரால், கால் நீளவாக்கில், இரண்டு மூன்று தடவை மெதுவாக. துகளைத் தட்டிவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள், வேர்வையில் உப்பு இருக்கிறது. இதெல்லாம் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்ட பிறகுதான். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

சரி, திங்கன்ஜூன்காரரே, ஒன்று கேட்கிறேன். தேய்ப்பதற்கு முன் எத்தனை ஜிபி காட்டியது, இப்போது எத்தனை காட்டுகிறது?

திங்கன்ஜூன் வாசகர்: முன்பு 2. இப்போது 4. ஏன்?

பதில்: அவ்வளவுதான் விஷயம்! உங்கள் பெட்டியில் இரண்டு ஸ்டிக் இருந்திருக்கிறது. ஒன்று தொடர்பு விட்டுத் தூங்கியிருக்கிறது. தேய்த்ததும் எழுந்துவிட்டது. நீங்கள் ரேமைச் சுத்தம் செய்யவில்லை ஐயா, காசு இல்லாமல் 2 ஜிபி கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவி சொன்னது முழுக்க உண்மை.

நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். ஆகவே எல்லாருக்கும்: புது ரேம் வாங்குமுன், உள்ளே மாட்டியிருக்கிற மொத்தமும் திரையில் காட்டுகிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தில் எத்தனை சிலாட் நிறைந்திருக்கிறது என்றும் இருக்கும். பெட்டியைத் திறந்து எண்ணிய கணக்கும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

சான்சாவ்ங்கிலிருந்து: 4 ஜிபி போதுமா?

பதில்: முதல் பதில்.

இன்னொருவர்: விண்டோஸ் 10-க்கு 4 ஜிபி போதுமா?

பதில்: அதே முதல் பதில். குரோமைத் திறக்காதவரை போதும்.

இன்னும் ஒருவர்: ரேமைக் காலி பண்ணுகிற சாஃப்ட்வேர் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, போடாதீர்கள். கடையில் அடுக்கிய சரக்கை எல்லாம் வாரி டலாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ‘பார், கடை எவ்வளவு விசாலம்’ என்று காட்டும். அடுத்த நிமிஷம் எல்லாம் படகில் திரும்பி வரும். காலியாகக் கிடக்கிற ரேமால் ஒரு லாபமும் இல்லை.

ஒரு சகோதரி: என் போன் மெதுவாக இருக்கிறது. அதற்கு ரேம் போட முடியுமா?

பதில்: முடியாது, பலகையில் ஒட்டியிருக்கும். போன்காரரைப் பாருங்கள், நான் கம்ப்யூட்டர்காரன்.

தாம்வேயிலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியர்: ஜப்பானிலிருந்து வந்த பழைய லேப்டாப், விசையில் ஜப்பானிய எழுத்து. டிடிஆர்3 என்று வாங்கிப் போட்டேன், ஓடவில்லை.

பதில்: ஸ்டிக்கரில் ‘பிசி3’ என்றிருக்கிறதா, ‘பிசி3எல்’ என்றிருக்கிறதா? அந்த ‘எல்’ 1.35 வோல்ட்டைக் குறிக்கும், அது இல்லாதது 1.5 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் பெரும்பாலும் ‘எல்’ இல்லாததைத் தொடாது. ‘எல்’ ஸ்டிக்கோ பொதுவாக இரண்டிலும் ஓடும். ஆகவே சந்தேகம் என்றால் ‘எல்’ வாங்குங்கள். ஸ்டிக்கர், ஸ்டிக்கர், ஸ்டிக்கர்.

டலாவிலிருந்து ஒரு வாசகர்: கரண்ட் வெட்டு அதிகமான பிறகுதான் மெதுவானது. ரேம் அடிபட்டிருக்குமா?

பதில்: நல்ல கேள்வி. ரேம் அடிபட்டால் பெரும்பாலும் மெதுவாகாது, நீலத்திரை போட்டு விழும். நீங்கள் சொல்வது ஹார்ட் டிஸ்க். அது சுழன்று எழுதிக்கொண்டிருக்கும்போது படக்கென்று கரண்ட் போனால் பாதி எழுதிய இடம் கெட்டுப்போகலாம். அப்புறம் அந்த இடத்தைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும், நாம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது, ஓட்டிப் பாருங்கள். நீலம் என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் அன்றைக்கே காப்பி எடுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள்.

இன்னொன்று. கரண்ட் திரும்புகிற நேரம் தெருவே “மீ லாபி!” (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தும், பிள்ளைகள் ஓடுவார்கள். அந்த முதல் சில நிமிஷம் வோல்டேஜ் ஆடும். நான் ஒருமுறை சுவிட்சை அணைக்காமல் விட்டு, அந்தச் சத்தத்தோடு ஒரு பவர் சப்ளையைப் பறிகொடுத்தேன். பட்டாசு மாதிரி ஒரு வெடி, அப்புறம் மீன் கருகின வாசனை. கரண்ட் போனதும் வயரைப் பிடுங்குங்கள். வந்து கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள். ரேம் வாங்க வைத்திருக்கிற காசில் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மண்டலே அண்ணன்: விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: அண்ணே, உங்களுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரி பக்கம் ஆலைகள் திரும்பிவிட்டன. எப்போது இறங்கும் என்பது ஜோசியரிடம் கேட்க வேண்டியது. தேவை இருந்தால் பழைய ஸ்டிக் வாங்குங்கள். கடையிலேயே மாட்டி, ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே இருக்கிற விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பெகு ஐயா மறுபடி: ரேம் கூட்டினால் விண்டோஸ் 11 ஏறுமா?

பதில்: ரேம் அதற்கு 4 ஜிபியே போதும். தடை வேறு இடத்தில்: டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான வசதி) வேண்டும், இன்டெல் சிபியு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். உங்கள் டிடிஆர்3 போர்டு அந்தப் பட்டியலில் வராது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, அதனால் பேங்க் வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுப் பழகலாம், நான் உதவுகிறேன்.

தாம்வே அக்கா: தம்பி, எஸ்எஸ்டி போட்டாயிற்று. அரிசி களைவதற்குள் திரை வந்துவிடுகிறது! ஆனால் பையன் குரோமில் பதினான்கு பக்கம் திறந்துவைத்துக்கொண்டு பாடம் கேட்கும்போது மறுபடி திணறுகிறது. நீங்கள் சொன்னபடி அந்த நேரத்தில் பார்த்தேன். மெமரி 94. இப்போது போடலாமா?

பதில்: இப்போது போடுங்கள் அக்கா. இன்னொரு 4 ஜிபி போதும். பழைய ஸ்டிக்கின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள்.